கிராஸ் கேபிளா, ஸ்ட்ரெய்ட் கேபிளா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு அல்சூரில் இருந்துகொண்டு ஊர் முழுக்க லேன் கேபிள் இழுப்பதும் கேமரா மாட்டுவதும்தான் என் பிழைப்பு. கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, ஆம்பூர் பக்கத்திலிருந்து வேலை தேடி வருகிற பையன்கள், அப்பார்ட்மென்ட்டில் நெட் சரியாக வராமல் தவிக்கிற குடும்பங்கள், பீன்யாவில் பட்டறை வைத்திருக்கிற கோயம்புத்தூர்க்காரர்கள் என்று பலரும் போனில் கேட்டவை இவை. ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்துவிட்டது, எழுதி வைத்துவிட்டேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள். கடையில் எதைக் கேட்டு வாங்குவது?

ஸ்ட்ரெய்ட். அதாவது இரண்டு முனையிலும் கம்பி வரிசை ஒன்றாக இருக்கிற லேன் கேபிள்; வரிசை மாறியிருந்தால் கிராஸ். வீட்டு ரவுட்டர், டிவி, லேப்டாப், ஆபீஸ் ஸ்விட்ச் (பல லேன் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி), ஐபி கேமரா எதுவானாலும் சமீப காலத்துப் பொருள் என்றால் ஸ்ட்ரெய்ட் கேபிளில் ஓடும். கடையில் லேன் கேபிள் என்றோ பேட்ச் கார்டு என்றோ கேட்டால் எடுத்துக் கொடுப்பதும் அதைத்தான். கிராஸ் வேண்டுமென்றால் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில்கூட நாலு கடை ஏறி இறங்க வேண்டியிருக்கும். முனையில் மாட்டும் பிளாஸ்டிக் கனெக்டர் இரண்டு வாங்கி நாமே அடித்துக்கொள்வது சுலபம்.

அப்புறம் எதற்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறாய் என்று கேட்கலாம். எங்காவது ஒரு மூலையில் பழைய மெஷின் ஒன்று உட்கார்ந்திருக்கும். அதன் முன்னால் போய் நிற்கிற நாளில் இது தெரியாதவர் அரை நாளைத் தொலைப்பார். இன்னொரு காரணமும் உண்டு. "கிராஸ் கேபிள் பிரச்சினை" என்று என்னிடம் வருகிறவற்றில் பாதிக்கு மேல் கிரிம்பிங் கோளாறுதான், அதாவது கனெக்டரை அடித்ததில் வந்த தப்பு.

கையில் இருக்கும் கேபிள் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு முனையையும் ஒட்டி வைத்துப் பிடியுங்கள். பிளாஸ்டிக் கிளிப் கீழ்ப்பக்கம், தங்க நிறப் பற்கள் மேல்பக்கம், கேபிள் உங்களைப் பார்த்து வர வேண்டும். இப்போது இடது ஓரம் 1, வலது ஓரம் 8.

இரண்டு முனையிலும் வண்ணங்கள் ஒரே வரிசையில் இருந்தால் ஸ்ட்ரெய்ட். ஒரு முனை ஆரஞ்சில் தொடங்கி மற்றது பச்சையில் தொடங்கினால் கிராஸ். இடது ஓரத்து இரண்டு கம்பியைப் பார்த்தாலே போதும், எட்டையும் எண்ண வேண்டியதில்லை.

வரிசையைச் சொல்லிவிடுகிறேன். டி568பி என்பது: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பிரவுன் வெள்ளை, பிரவுன். டி568ஏ என்பது இதிலேயே ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் இடம் மாறிக்கொள்வது: பச்சை வெள்ளை, பச்சை, ஆரஞ்சு வெள்ளை, நீலம், நீல வெள்ளை, ஆரஞ்சு, பிரவுன் வெள்ளை, பிரவுன். ஒரு முனை ஏ, மறுமுனை பி என்று அடித்தால் அதுதான் கிராஸ்.

ஏன் இப்படி ஒரு மாற்றம் தேவைப்பட்டது?

பெங்களூரில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒன்வே பற்றி நான் சொல்ல வேண்டாம். லேன் கேபிளில் ஓடும் நெட்வொர்க் முறைக்கு ஈதர்நெட் என்று பெயர், எம்பிபிஎஸ் என்பது அதன் வேக அளவு. 10, 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டில் எட்டுக் கம்பிகளில் நான்குதான் வேலை செய்யும்: 1-உம் 2-உம் ஒரு ஜோடி, 3-உம் 6-உம் இன்னொரு ஜோடி. இரண்டு ஜோடியும் ஒன்வே. கம்ப்யூட்டரின் லேன் போர்ட் 1, 2 வழியாக அனுப்பும், 3, 6 வழியாக வாங்கும். இந்த அமைப்புக்கு எம்டிஐ என்று பெயர். ஸ்விட்ச் போர்ட்டிலோ உள்ளேயே தலைகீழாக மாற்றி வைத்திருப்பார்கள். அது 1, 2-இல் வாங்கும், 3, 6-இல் அனுப்பும். அதற்குப் பெயர் எம்டிஐ-எக்ஸ்.

ஆகவே கம்ப்யூட்டரையும் ஸ்விட்சையும் நேர்க் கம்பியால் இணைத்தால் ஒருவர் அனுப்புவது மற்றவர் வாங்கும் இடத்தில் போய் இறங்குகிறது. கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் நேர்க் கம்பி போட்டால் இரண்டு பேரும் ஒரே ஒன்வேயில் எதிரெதிராக வண்டியை விடுகிறார்கள், இன்னொரு ரோடு காலியாகக் கிடக்கிறது. இணைப்பு கிடைத்ததைக் காட்டும் லிங்க் லைட்டே எரியாது. அந்த இடத்தில் கேபிளுக்குள்ளேயே 1-ஐ 3-க்கும் 2-ஐ 6-க்கும் மாற்றிவிடுவதுதான் கிராஸ்.

3-க்கு ஜோடி 4 ஆக இல்லாமல் ஏன் 6 என்று கிரிம்பிங் பழகுகிற எல்லாப் பையன்களும் கேட்பார்கள். இந்தக் கனெக்டர் வகையே டெலிபோன் உலகத்திலிருந்து வந்தது. நடுவில் இருக்கிற 4, 5 போன் லைனுக்கான இடம். அதைத் தொடாமல் இரண்டு பக்கமும் சுற்றி உட்கார்ந்துகொண்டதால் வந்த விநோதம் இது. இந்த விநோதம்தான் கீழே ஒரு கேள்வியில் நம் கழுத்தைப் பிடிக்கப் போகிறது.

எதற்கும் எதற்கும் நடுவே எந்தக் கேபிள்? மனப்பாடம் செய்ய வழி உண்டா?

இரண்டு கட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர், சர்வர், பிரிண்டர், கேமரா, ரவுட்டர் ஒரு கட்சி. ஸ்விட்சும் அதன் பழைய வடிவமான ஹப்பும் இன்னொரு கட்சி. ஒரே கட்சிக்காரர்களை இணைக்க கிராஸ், எதிர்க்கட்சியோடு இணைக்க ஸ்ட்ரெய்ட்.

ரவுட்டர் கம்ப்யூட்டரின் கட்சியில் இருப்பதுதான் பலரைக் குழப்பும். வீட்டு வைஃபை ரவுட்டரை நினைத்துக் குழம்புகிறார்கள். அந்தப் பெட்டிக்குள் ரவுட்டரும் இருக்கிறது, நாலு போர்ட் ஸ்விட்சும் இருக்கிறது. லேன் என்று எழுதியிருக்கும் போர்ட்கள் ஸ்விட்ச் கட்சி, வெளியிலிருந்து நெட் லைன் வந்து சேரும் வேன் (WAN) போர்ட் ரவுட்டர் கட்சி.

பழைய ஹப்களில் கடைசி போர்ட்டுக்குப் பக்கத்தில் அப்லிங்க் என்று எழுதி ஒரு சின்ன அழுத்து பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் அந்த ஒரு போர்ட் மட்டும் கட்சி மாறும். கிராஸ் கேபிள் இல்லாமல் இரண்டு ஹப்பை இணைக்க அந்தக் காலத்தில் அதுதான் வழி. பட்டன் தெரியாமல் அழுந்திவிட்டால் அந்த போர்ட்டில் மாட்டிய கம்ப்யூட்டர் செத்துப்போகும். அதைக் கண்டுபிடிக்க நாக்கு தள்ளும்.

அண்ணா, இன்டர்வியூவில் இதைத்தானே கேட்கிறார்கள்? "இப்போ தேவையில்ல சார்" என்று சொல்லிவிடலாமா?

சொல்லாதே தம்பி. மேலே சொன்ன கட்சிக் கணக்கை முதலில் சொல், அப்புறம் போர்ட் தானே கட்சி மாறிக்கொள்ளும் ஆட்டோ எம்டிஐ-எக்ஸ் வசதி இருந்தால் எந்தக் கேபிளும் ஓடும் என்று சேர்த்துக்கொள். கேட்கிறவருக்குத் தேவை நீ காரணம் புரிந்து சொல்கிறாயா என்பதுதான். மனப்பாடம் செய்தவனிடம் "ரவுட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நேரடியாக என்ன போடுவாய்" என்று திருப்பிக் கேட்டால் ஸ்ட்ரெய்ட் என்று விழுவான்.

சிஸ்கோவின் பயிற்சி மென்பொருளான பேக்கெட் ட்ரேசரில் பழகுகிறவர்கள், தொடர்ச்சியான கறுப்புக் கோடு ஸ்ட்ரெய்ட், விட்டுவிட்டு வரும் கோடு கிராஸ் என்பதை நினைவில் வையுங்கள். மின்னல் படம் போட்ட ஐகானை அமுக்கினால் அதுவே கேபிளைத் தேர்ந்தெடுத்துவிடும். படிக்கிற நாட்களில் அந்த ஐகானைத் தொடாமல் இருப்பது நல்லது.

ஆட்டோ எம்டிஐ-எக்ஸ் என்றால் என்ன? பெட்டிக்கு எப்படித் தெரிகிறது?

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இது. எச்பி நிறுவனத்து இன்ஜினியர்கள் கொண்டுவந்த யோசனை. போர்ட் தன் இரண்டு ஜோடிகளில் எதில் அனுப்புவது, எதில் கேட்பது என்பதைத் தானே மாற்றிக்கொள்ளும். கேபிள் மாட்டியதும் ஒரு நிலையில் நின்று எதிர்முனையிலிருந்து சத்தம் வருகிறதா என்று காது கொடுக்கும். வரவில்லையென்றால் மறு நிலைக்கு மாறும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு பக்கமும் இந்த வசதி இருந்து, இரண்டும் ஒரே நேரத்தில் மாறிக்கொண்டே இருந்தால்? ஒடுக்கமான சந்தில் எதிரே வருகிறவருக்கு வழிவிட நாம் இடப்பக்கம் ஒதுங்க, அவரும் அதே பக்கம் ஒதுங்க, மறுபடி இருவரும் அந்தப் பக்கம் போக, கடைசியில் சிரித்துவிடுவோமே, அதே கதைதான். அதனால் எப்போது மாறுவது என்பதை ஒரு போலித் தற்செயல் எண்ணை வைத்து ஒவ்வொரு பெட்டியும் தனியாக முடிவு செய்யும். ஒரு சுற்று 60 மில்லிசெகண்டை ஒட்டி. இரண்டும் எப்போதாவது ஒரு சுற்றில் வேறு வேறு முடிவு எடுத்தே தீரும். அந்தக் கணம் லிங்க் லைட் எரியும். நாம் கேபிளைச் சொருகிவிட்டு நிமிர்வதற்குள் இத்தனையும் நடந்து முடிந்துவிடுகிறது.

இரண்டு முனைகளில் ஒன்றில் இந்த வசதி இருந்தாலே போதும். 1999-இல் வந்த கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) தரமான 802.3ஏபி இதைக் கட்டாயம் என்று சொல்லவில்லை, விருப்பம் என்றுதான் சொல்கிறது. ஆனாலும் கிகாபிட் போர்ட் செய்கிறவர்கள் எல்லாரும் சேர்த்தே செய்கிறார்கள்.

அப்படியானால் கிராஸ் கேபிள் இல்லாமல் எங்கேதான் மாட்டிக்கொள்வோம்?

பீன்யாவில் ஒரு பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடுகிற பழைய சிஎன்சி மெஷின் ஒன்று, பக்கத்தில் விண்டோஸ் எக்ஸ்பி ஓடுகிற ஒரு கம்ப்யூட்டர். புரோகிராம் கம்ப்யூட்டரிலிருந்து மெஷினுக்குப் போக வேண்டும். ஆயுத பூஜைக்கு இடத்தைச் சுத்தம் செய்த பையன், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கிடந்த பழைய கேபிளைக் கழற்றிப் போட்டுவிட்டு, கடையிலிருந்து பளபளவென்று புதுக் கேபிள் வாங்கி மாட்டியிருக்கிறான். பூஜை முடிந்து மறுநாள் மெஷின் பேசவில்லை. எக்ஸ்பியை மறுபடி போட்டுப் பார்த்திருக்கிறார்கள். லேன் கார்டை மாற்றியிருக்கிறார்கள். நடுவில் ஸ்விட்ச் போட்டால் சரியாகும் என்று யாரோ சொல்லி அதற்கும் ஆர்டர் போட்டிருந்தார்கள் (அது வந்திருந்தால் உண்மையிலேயே சரியாகியிருக்கும் என்பது வேறு விஷயம்).

நான் போனபோது லிங்க் லைட் இரண்டு பக்கமும் அணைந்திருந்தது. முதலாளியிடம், "அண்ணே, பழைய கேபிள் எங்கே?" என்றேன். குப்பை மூட்டையிலிருந்து எடுத்து வந்தார்கள். பனியன் துணியால் முனையைத் துடைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் பச்சையில் தொடங்குகிறது, மறு பக்கம் ஆரஞ்சில் தொடங்குகிறது. மாட்டினேன், லைட் எரிந்தது. "இதுக்கா ரெண்டு நாள் மெஷினை நிறுத்தி வெச்சேன்?" என்று அவர் யாரையும் பார்க்காமல் கேட்டார். அந்தப் பையன் அன்று என் கண்ணில் படவே இல்லை.

ஆக, இரண்டு பக்கமும் பழைய 10 அல்லது 100 எம்பிபிஎஸ் போர்ட், நடுவில் ஸ்விட்ச் இல்லை என்றால் கிராஸ் வேண்டும். அந்த எக்ஸ்பி கம்ப்யூட்டருக்குப் பதிலாக ஒரு புது லேப்டாப் வைத்திருந்தால் எந்தக் கேபிளும் ஓடியிருக்கும், மெஷின் எவ்வளவு பழசானாலும்.

பழைய ஸ்விட்ச் இரண்டை ஒன்றோடொன்று இணைக்கும்போதும் இதே கதை. அப்புறம், யாரும் எதிர்பார்க்காத இடம் ஒன்று உண்டு. ஆபீஸில் பெரிய ஸ்விட்ச் வைத்திருப்பார்கள், ஆட்டோ எம்டிஐ-எக்ஸ் உள்ளதுதான். யாரோ ஒருவர் வேகத்தை 100, டூப்ளெக்ஸை ஃபுல் என்று கையால் பூட்டி வைப்பார் (ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் முடிந்தால் ஃபுல், மாற்றி மாற்றி என்றால் ஹாஃப்). பல ஸ்விட்ச்களில் வேகத்தையும் டூப்ளெக்ஸையும் ஆட்டோவில் விட்டால்தான் இந்தத் தானியங்கி மாற்றமும் ஒழுங்காக வேலை செய்யும். பூட்டியதும் அதுவரை ஓடிய ஸ்ட்ரெய்ட் கேபிள் செத்துவிடும். கேபிளைத் தொடவே இல்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். மறுபடி ஆட்டோவில் விட்டுவிடுங்கள், முடிந்தது. ஒரு பக்கம் மட்டும் ஃபுல் என்று பூட்டி மறுபக்கம் ஆட்டோவில் இருந்தால், ஆட்டோவில் இருக்கிற பக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும். லைட் எரியும், வேகம் மட்டும் ஆமை. அது தனித் தலைவலி.

கிகாபிட்டுக்கு வேறு கிராஸ் கேபிள் என்கிறார்களே?

கிகாபிட்டில் எட்டுக் கம்பிகளும் வேலை செய்யும். நான்கு ஜோடிகளிலும் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் போக்குவரத்து நடக்கும், ஒன்வேயே கிடையாது. ஒரு ஜோடிக்கு 250 எம்பிபிஎஸ் வீதம் நான்கும் சேர்ந்து 1000. தான் அனுப்பியதன் எதிரொலியைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கேட்டுக்கொள்ளும் சிப்.

முழு கிராஸ் என்றால் 1-3, 2-6 மாற்றத்தோடு 4-ஐ 7-க்கும் 5-ஐ 8-க்கும் மாற்ற வேண்டும். ஒரு முனை பி என்றால் மறுமுனை இப்படி வரும்: பச்சை வெள்ளை, பச்சை, ஆரஞ்சு வெள்ளை, பிரவுன் வெள்ளை, பிரவுன், ஆரஞ்சு, நீலம், நீல வெள்ளை. இத்தனை வருடத்தில் இதை நான் வேலைக்காக அடித்ததே இல்லை, பையன்களுக்குக் காட்ட ஒரு தடவை அடித்தேன். கிகாபிட் போர்ட்களுக்கு ஸ்ட்ரெய்ட் போதும்.

கேபிளைச் சோதிக்கும் டெஸ்டரில் எட்டு லைட்டும் வரிசையாக எரிகிறது. ஆனால் நெட் விட்டுவிட்டு வருகிறது. கிராஸ் போட்டால் சரியாகுமா?

ஆகாது. வந்துவிட்டோம், கழுத்தைப் பிடிக்கிற இடத்துக்கு.

ஒயிட்ஃபீல்டில் ஒரு வீடு. அம்மா, மகன், மருமகள் மூவரும் தமிழ் ஆட்கள், மகன் வீட்டிலிருந்தே வேலை. வயரிங் செய்த எலெக்ட்ரீஷியனே லேன் கேபிளும் இழுத்துக் கனெக்டர் அடித்துக் கொடுத்திருக்கிறார். லைட் எரிகிறது. மீட்டிங் நடுவே படம் உறைகிறது. பெரிய ஃபைல் அனுப்பினால் நகராது. அந்தத் தம்பி படித்தவர், டெஸ்டர் வாங்கிப் பார்த்திருக்கிறார், 1 முதல் 8 வரை ஒழுங்காக எரிகிறது. சரி, கிராஸ் கேபிளாக மாற்றிப் பார்க்கலாமா என்று என்னைக் கூப்பிட்டார்.

முனையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, பச்சை, நீல வெள்ளை, நீலம், பிரவுன் வெள்ளை, பிரவுன். பார்க்க எவ்வளவு அழகு! இரண்டு முனையும் அச்சாக ஒன்று. எலெக்ட்ரீஷியன் மூளை இப்படித்தான் யோசிக்கும், அவர் மேல் தப்பே இல்லை. பல்ப் எரிய வேண்டுமென்றால் இந்த வரிசை போதும்.

ஆனால் போர்ட் 3-உம் 6-உம் ஒரு ஜோடி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. இங்கே 3-இல் இருப்பது பச்சை வெள்ளை, 6-இல் இருப்பது நீலம். ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளாத இரண்டு கம்பிகள். முறுக்குதான் வெளிச்சத்தம் இரண்டு கம்பியிலும் சமமாக விழுந்து கழிந்துபோகச் செய்கிறது. ஜோடி பிரிந்தால் பக்கத்து ஜோடியின் சத்தம் எல்லாம் உள்ளே வரும். 10 எம்பிபிஎஸ்ஸில் தாங்கும், 100-இல் தடுமாறும், கிகாபிட்டில் நிற்காது. சின்ன லைட் டெஸ்டர் கம்பி அறுந்திருக்கிறதா, இடம் மாறியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். முறுக்கு எதோடு எது என்று அதற்குத் தெரியாது.

இரண்டு முனையையும் வெட்டி பி வரிசையில் அடித்தேன். பத்து நிமிட வேலை. அந்த அம்மா கொடுத்த காபி ஆறுவதற்குள் கிகாபிட் லைட் எரிந்தது.

இன்னொன்றும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வரிசை சரியாக இருந்தாலும் கம்பிகளை நீளமாக அவிழ்த்துவிட்டு அடிக்காதீர்கள். 13 மில்லிமீட்டருக்கு மேல் முறுக்கை அவிழ்க்கக் கூடாது என்பது கணக்கு. கேபிளின் வெளித்தோல் கனெக்டருக்குள் போய் அந்தப் பிளாஸ்டிக் நாக்கு அதன்மேல் அமுங்க வேண்டும். வெறும் கம்பிகள் வெளியே தெரிந்தால் அது இன்னும் ஆறு மாதம்தான் தாங்கும்.

கிராஸ் கேபிளை டெஸ்டரில் போட்டால் எப்படித் தெரியும்?

இந்தப் பக்கம் 1, 2, 3 என்று வரிசையாக எரியும்போது மறுபக்கம் 3, 6, 1, 4, 5, 2, 7, 8 என்று எரிந்தால் சாதாரண கிராஸ். 3, 6, 1, 7, 8, 2, 4, 5 என்று எரிந்தால் முழு கிராஸ். வேறு எப்படித் தாவினாலும் அது தப்பாக அடித்த கேபிள், வெட்டிப் போடுங்கள்.

ஏ நல்லதா, பி நல்லதா?

வேகத்தில் துளி வித்தியாசமும் இல்லை. நான் இங்கே பார்க்கிற கட்டடங்களில் பெரும்பாலும் பி. ஏற்கெனவே சுவரில் என்ன இருக்கிறதோ அதையே தொடருங்கள். ஒருவர் ஏ-வில் அடித்து மற்றவர் பி-யில் அடித்தால் தெரியாமலே கிராஸ் கேபிள் பிறந்துவிடும், இந்தக் காலத்தில் அது ஓடவும் ஓடும், பத்து வருடம் கழித்து யாரோ ஒருவன் பழைய மெஷினை அதில் மாட்டிவிட்டு நம்மைத் திட்டுவான்.

தப்பான கேபிளைப் போட்டால் பொருள் எரிந்துவிடுமா?

சாதாரண லேன் போர்ட்டில் எரியாது. லைட் எரியாது, அவ்வளவுதான்.

கேபிளிலேயே கரண்ட் போகிற (பிஓஇ என்பார்கள்) இடத்தில் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். 2003-இல் வந்த 802.3ஏஎஃப் தரமும் அதற்குப் பின் வந்த 802.3ஏடியும் மாட்டியதும் கரண்டை விடாது. எதிரே இருப்பது அதற்கான பொருளா என்று சோதித்த பிறகுதான் கொடுக்கும். கரண்டை வாங்குகிற பொருளும் பிளஸ் மைனஸ் எப்படி வந்தாலும் தாங்கும்படி இருக்க வேண்டும் என்பது விதி. கிராஸ் போட்டாலும் ஒன்றும் ஆகாது.

மொட்டை மாடியில் இருந்து எதிர் பில்டிங்குக்கு வைஃபை இழுக்கிற ரேடியோக்கள் சிலவற்றோடு வருகிற 24 வோல்ட் பாஸிவ் பிஓஇ அப்படியில்லை. சோதனை எதுவும் செய்யாது, சும்மா 4, 5-இல் பிளஸ், 7, 8-இல் மைனஸ் என்று தள்ளிவிடும். முழு கிராஸ் கேபிளில் 4, 5 போய் 7, 8-இல் இறங்கும் அல்லவா? பிளஸ் மைனஸ் தலைகீழ். அந்த இடத்தில் ஸ்ட்ரெய்ட் தவிர வேறு எதையும் கையில்கூட எடுக்காதீர்கள்.

இரண்டு லேப்டாப்பை நேரடியாக இணைத்துப் படங்களை மாற்ற வேண்டும். கேபிள் மாட்டினேன், ஒன்றும் தெரியவில்லையே?

லைட் எரிகிறதா? எரிந்தால் கேபிள் வேலை முடிந்தது, இனி ஐபி முகவரிதான் பாக்கி. நடுவில் ரவுட்டர் இல்லாததால் முகவரி கொடுக்க ஆளில்லை. இரண்டும் 169.254 என்று தொடங்குகிற ஒரு முகவரியைத் தானே வைத்துக்கொள்ளும். அதிலேயே சில சமயம் ஓடும். ஓடவில்லையென்றால் ஒன்றில் 192.168.10.1, மற்றதில் 192.168.10.2, இரண்டிலும் மாஸ்க் 255.255.255.0 என்று கையால் போடுங்கள். கேட்வே காலியாக இருக்கட்டும். பிங் (ஒன்றிலிருந்து மற்றதைக் கூப்பிட்டுப் பார்க்கும் சோதனை) போகவில்லையென்றால் விண்டோஸ் ஃபயர்வால் தடுக்கிறது, கேபிளைத் திட்டாதீர்கள். வேலை முடிந்ததும் முகவரியை மறுபடி ஆட்டோவுக்கு மாற்ற மறக்க வேண்டாம். மறந்துவிட்டு மறுநாள் ஆபீஸில் நெட் வரவில்லை என்று எனக்குப் போன் செய்தவர்கள் உண்டு.

வெளிர்நீல நிறத்தில் தட்டையாக ஒரு கேபிள் இருக்கிறது. அது கிராஸா?

இல்லை, அது கன்சோல் கேபிள். ரோல்ஓவர் என்பார்கள். 1 போய் 8-இல், 2 போய் 7-இல் என்று முழுவதும் தலைகீழாக இருக்கும். ரவுட்டர், ஸ்விட்ச் உள்ளே கட்டளை அடிக்க மட்டும். நெட் வராது.

நாலு கம்பிதான் வேலை செய்யும் என்றால், ஒரே கேபிளில் இரண்டு கனெக்‌ஷன் எடுக்கலாமே?

எடுக்கலாம், 100 எம்பிபிஎஸ் வரை ஓடும். சுவரில் இன்னொரு கேபிள் நுழைக்கவே வழியில்லாத பழைய வீட்டில் நானே செய்திருக்கிறேன், சொல்லிக்கொள்ளப் பெருமையாக இல்லை. கிகாபிட் வேண்டுமென்றால் மறந்துவிடுங்கள்.

கேபிள் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கிராஸா ஸ்ட்ரெய்ட்டா என்பதைவிட இதுதான் முக்கியம் என்பேன். பெட்டியில் கேபிளின் தர வகையான கேட் 6 என்று கொட்டை எழுத்தில் இருக்கும், ஓரத்தில் சிசிஏ என்று சின்னதாக இருக்கும், சில பெட்டியில் அதுவும் இருக்காது. அலுமினியக் கம்பிக்கு மேலே செம்புப் பூச்சு என்று அர்த்தம். ஒரு கம்பியை எடுத்து பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். இரண்டு மூன்று தடவை வளைத்தாலே ஒடியும். பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலே கை சொல்லிவிடும், செம்பு கனமாக இருக்கும்.

அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். நெட்டுக்குக் கொஞ்ச தூரம் சமாளிக்கும், கேமராவுக்குக் கரண்ட் கொடுக்கும்போது காலை வாரும். பகல் முழுக்க ஓடுகிற கேமரா இருட்டியதும் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும். இரவில் இன்ஃப்ராரெட் விளக்கு எரியும்போது அதிக கரண்ட் இழுக்கிறது, நீளமான அலுமினியக் கேபிளில் வோல்டேஜ் இறங்கிவிடுகிறது, கேமரா அணைகிறது. இதையும் "கேபிள் கிராஸாயிடுச்சு" என்று சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

நீளம் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, இரண்டு முனையின் பேட்ச் கார்டுகளையும் சேர்த்து. வீட்டுக்குக் கிகாபிட் போதுமென்றால் நல்ல செம்பு கேட் 5இ போதும்.

கிராஸ் கேபிள் அடித்தால் எப்படி அடையாளம் வைப்பது?

இரண்டு முனையிலும் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள், ஒரு முனையில் மட்டும் சுற்றினால் மறுமுனையில் இருப்பவனுக்குத் தெரியாது. பட்டறையாக இருந்தால் டேப் எண்ணெயில் உரிந்துவிடும். அங்கே கேபிள் டையில் ஒரு சின்னத் தகடு கட்டி மெஷின் பெயரை எழுதுங்கள். அப்படியே அதேபோல் இன்னொன்று அடித்து, மெஷினின் பேனல் கதவுக்குள் சுருட்டி வைத்துவிடுங்கள்.